விண்கல் பெட்டி நல்ல சரக்கு, கையேட்டின் வாதம்தான் இடிக்கிறது

வெளிநாட்டு விண்கல் வியாபாரி ஒருவர் மூன்று விண்கல் துண்டுகளை ஒரே பெட்டியில் போட்டு, பூமிக்குக் கடல் எங்கிருந்து வந்தது என்பதை இந்தக் கற்களே சொல்லும் என்று இணையத்தில் விற்கிறார். கூடவே ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சின்னக் காந்தம், ஒரு கையேடு. எனக்கு இந்த விஷயத்தில் பல வருட ஆர்வம், வீட்டில் அறிவியல் பிடித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதனால் வாங்கினேன். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கற்களுக்காகத் தாராளமாக வாங்கலாம், மூன்றும் அசல். கையேடு மட்டும், பாதி சரியான தகவல்களை வைத்துக்கொண்டு எட்ட முடியாத ஒரு முடிவை உறுதியாக எட்டிவிடுகிறது. அதைப் பிள்ளைகளிடம் அப்படியே கொடுத்துவிட எனக்கு மனமில்லை. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வாதம் இந்தக் கையேட்டில் மட்டுமில்லை, பாதி அறிவியல் காணொளிகளிலும் இதே வடிவத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் சரக்கு. பெட்டி கெட்டியான அட்டை, உள்ளே பஞ்சு மெத்தை, ஒவ்வொரு கல்லும் இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே அந்தரத்தில் நிற்பது போன்ற சிறு பெட்டியில் இருக்கிறது. கையால் தொடாமலே முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கலாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் இல்லை. இரும்பு உள்ள கற்களை விற்பவர் அதைப் போடாமல் விட்டது பெரிய குறை. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் ஒரு மழைக்காலம் போதும், வெட்டுமுகத்தில் துரு பூத்துவிடும். வாங்குபவர்கள் வந்த அன்றைக்கே மூடி இறுக்கமான ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வைத்துவிடுங்கள்.

முதல் கல் என்டபிள்யூஏ 869. வடமேற்கு ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் டன் கணக்கில் கிடைத்த சாதாரண கான்ட்ரைட், அதாவது சின்ன உருண்டை மணிகள் பதிந்த கல் வகை விண்கல். விண்கல் சேகரிக்கத் தொடங்குபவர்கள் பலரிடமும் முதலில் வந்து சேர்வது இதுதான். ஒரு பக்கம் அறுத்து மெருகேற்றியிருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வழியே பார்த்தால் சாம்பலும் பழுப்புமான பின்னணியில் இரும்புத் துகள்கள் மின்னுகின்றன, நடுநடுவே அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் அளவில் உருண்டை உருண்டையாக மணிகள் பதிந்திருக்கின்றன. இவைதான் கான்ட்ரூல்கள். கோள்கள் உருவாவதற்கு முன், சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்த தூசு உருகித் துளியாகி உடனே உறைந்தவை, 450 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. பெட்டியில் கண்ணுக்கு விருந்து என்றால் இந்தக் கல்தான். காந்தம் சட்டென்று ஒட்டுகிறது.

இந்த வகைக் கல்லில் நீர் கிட்டத்தட்ட இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வைத்திருக்கிறோம் என்கிறது கையேடு. பெரும்பாலும் சரி. ஆனால் இதே சாதாரண கான்ட்ரைட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கல் 1940-ல் நம் மத்தியப் பிரதேசத்தில் செமர்கோனா என்ற இடத்தில் விழுந்தது. அதில் நீர் புகுந்து மாற்றிய களிமண் கனிமங்கள் உண்டு, அந்த நீரில் டியூட்டீரியம் (எடை கூடிய ஹைட்ரஜன்) கடல் நீரில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். 1998-ல் டெக்சாஸில் மோனஹன்ஸ் ஊரில் விழுந்த கல்லை உடனே நாசா ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் உடைத்தபோது உள்ளே ஊதாவும் நீலமுமாக உப்புப் படிகங்கள், அந்தப் படிகங்களுக்குள் நுண்ணிய திரவத் துளிகள். சூரிய மண்டலம் பிறந்த காலத்து உப்புநீர், இன்னும் நீராகவே! இப்படி ஒரு செய்தியைக் கையேடு விட்டுவிட்டதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் அந்தக் கல்லைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும்.

இரண்டாவது மர்ச்சிசன். 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் விழுந்தது, கார்பன் மிகுந்த கான்ட்ரைட். விலை காரணமாக இதில் ஒரு துணுக்குதான் வைக்கிறார்கள், சுமார் 0.1 கிராம். பார்க்க ஒன்றுமில்லை, கரித்துண்டின் ஓரம் உதிர்ந்த மாதிரி கறுப்பு. ஆனால் இதன் எடையில் ஏறத்தாழ 10 சதவீதம் நீர். ஈரமாக அல்ல, களிமண் கனிமங்களின் அமைப்புக்குள் கட்டுண்டு கிடக்கும் நீர். அந்த 0.1 கிராமில் சுமார் 10 மில்லிகிராம், அதாவது ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. உலர்ந்து கிடக்கும் ஒரு கறுப்புத் துணுக்குக்குள் அவ்வளவு நீர் என்று நினைத்துக்கொண்டே பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது. பெட்டிக்குக் கொடுத்த காசில் பெரும்பகுதி இதற்குத்தான் போயிருக்கும், அது தகும்.

சரி, இனி கையேடு. அதன் வாதத்தை நேர்மையாகச் சுருக்கினால் இப்படி வரும். பூமி சூரியனுக்கு அருகில், சூடான பகுதியில் உருவானது, அங்கே பனி உறைய முடியாது, ஆகவே பூமி வறண்டே பிறந்தது. ஆகவே கடல் நீர் முழுவதும் பின்னால் வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். வால்மீன்களில் டியூட்டீரியம் மிக அதிகம், ஆகவே அவை இல்லை. கார்பன் கான்ட்ரைட்டுகளின் டியூட்டீரிய விகிதம் கடலோடு ஒத்துப்போகிறது. ஆகவே 390 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பெரும் விண்கல் மழையில் மர்ச்சிசன் போன்ற கற்கள்தான் கடலைக் கொண்டுவந்தன.

கேட்க அழகாக இருக்கிறது. ஒவ்வொரு ‘ஆகவே’யையும் தட்டிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

டியூட்டீரியத்திலிருந்தே தொடங்குவோம், மொத்தப் பாரமும் அதன் மேல்தான் இருக்கிறது. ஹைட்ரஜனில் எடை கூடிய ஒரு வகை உண்டு, அதுதான் டியூட்டீரியம். கடல் நீரில் பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்குச் சுமார் 156 டியூட்டீரியம். சூரியன் உருவான வாயுவில் இது 20-ஐ ஒட்டித்தான் இருந்தது. நீர் எவ்வளவு குளிரில் உருவானது, பின்னால் என்னென்ன ஆனது என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும். அதனால் இது நல்ல அடையாளம்தான். ஆனால் எப்படிப்பட்ட அடையாளம் என்பதுதான் கேள்வி. இரத்த வகை போல என்று சொல்வேன்: பொருந்தவில்லை என்றால் ‘இவர் அப்பா இல்லை’ என்று ஓரளவு துணிந்து சொல்லலாம், பொருந்திவிட்டது என்பதற்காக ‘இவர்தான் அப்பா’ என்று சொல்லிவிட முடியாது, அதே வகை இரத்தம் ஊரில் இன்னும் பல பேருக்கு இருக்கும். கையேடு முழுக்க முழுக்கப் பொருத்தத்தை வைத்தே உறவை முடிவு செய்கிறது.

பொருந்தாததை வைத்து விலக்கும் இடத்தில்கூட, அதாவது வால்மீன் விஷயத்தில், அது பழைய கணக்கோடு நின்றுவிட்டது. 1986-ல் ஜியோட்டோ விண்கலம் ஹேலி வால்மீனை நெருங்கி அளந்தபோது டியூட்டீரியம் கடலில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. 1990-களில் வந்த ஹயகுடாகே, ஹேல்-பாப் இரண்டிலும் ஏறத்தாழ அதே. வால்மீன் கட்சி சரிந்தது. 2011-ல் ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி ஹார்ட்லி 2 என்ற வால்மீனை அளந்தது, 161 வந்தது, கிட்டத்தட்டக் கடல் நீரேதான். மறுபடி உயிர் வந்தது. 2014-ல் ரொசெட்டா விண்கலம் 67பி வால்மீனுக்கே போய் அளந்தது, 530 வந்தது, மூன்று மடங்குக்கும் மேல். மறுபடி சரிந்தது. கையேடு இங்கே புத்தகத்தை மூடிவிடுகிறது.

கதை அங்கே முடியவில்லை. 2018 டிசம்பரில் விர்டானன் வால்மீன் பூமியை நெருங்கி வந்தபோது, சோஃபியா என்ற விமானத் தொலைநோக்கி அளந்தது, அதுவும் கடலோடு ஒத்துப்போனது. அப்புறம் 2024-ல் ரொசெட்டாவின் பழைய தரவையே பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட அளவீடுகளாக எடுத்துத் திரும்ப அலசிப் பார்த்தார்கள். வால்மீனை விட்டுக் கிளம்பும் தூசுமணிகளின் மேல் டியூட்டீரியம் உள்ள நீர் ஒட்டிக்கொண்டு, அருகில் இருக்கும் கருவிக்கு எண்ணைக் கூட்டிக் காட்டுகிறது என்றும், தள்ளிப் போய் அளந்தால் எண் இறங்குகிறது என்றும் வந்தது. ஆக, டியூட்டீரியம் என்ற ஒரே ஒரு சாட்சியை வைத்து வால்மீன்களைக் கூண்டிலிருந்து இறக்கிவிட இன்று முடியாது.

அப்படியானால் வால்மீன்கள்தான் கடலைக் கொண்டுவந்தனவா? இல்லை என்றே நினைக்கிறேன், அந்த முடிவில் கையேட்டோடு எனக்குச் சண்டை இல்லை, காரணத்தில்தான் சண்டை. ரொசெட்டாவே இன்னொன்றையும் அளந்தது: செனான் வாயு. 67பி-யின் செனானில் ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் வேறு வேறு எடையுள்ள அணுக்கள், கலந்திருக்கும் விதம் தனி ரகம். பூமியின் காற்றிலுள்ள செனானில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் வால்மீனிலிருந்து வந்தது என்று வைத்தால்தான் கணக்கு நேராகிறது என்று 2017-ல் பெர்னார் மார்ட்டி குழு காட்டியது. செனான் அவ்வளவு வந்தது என்றால் கூடவே எவ்வளவு நீர் வந்திருக்கும் என்று கணக்குப் போட்டால், கடலில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. இது பலமான வாதம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பொருட்களை ஒரே தராசில் வைத்துப் பார்க்கிறது. கையேட்டில் இதற்கு ஒரு வரி கிடையாது. பக்கம் பக்கமாக வால்மீன் படம் மட்டும் இருக்கிறது.

390 கோடி ஆண்டுக் கணக்கு அதைவிடச் சுலபமாக உடைகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜேக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்க்கான் படிகங்கள் பூமியிலேயே உருவானவற்றில் நம் கைக்குக் கிடைத்த மிகப் பழைய பொருட்கள், அதில் ஒன்று 440 கோடி ஆண்டு. அவற்றின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளைப் பார்த்தால், அந்தப் படிகம் உருவான பாறைக்குழம்பு, அதற்கு முன் குளிர்ந்த நீரோடு பழகிய பாறையிலிருந்து வந்ததாகத் தெரிகிறது. 2001-ல் வெளியான இந்த முடிவைப் பாடப்புத்தகங்களே ஏற்றுக்கொண்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. நீர் அவ்வளவு முன்பே இங்கே இருந்திருந்தால், 50 கோடி ஆண்டு கழித்து வந்த விண்கல் மழை எப்படி அதைக் கொண்டுவந்திருக்க முடியும்? அந்த மழையே அப்படி ஒரே வீச்சாகப் பெய்ததா என்றும் இப்போது பலர் சந்தேகப்படுகிறார்கள், அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த நிலாக் கற்களில் பலவும் ஒரே பெரும் மோதலின் சிதறலாக இருக்கலாம் என்பதால்.

அளவையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம், இது பிள்ளைகளே போடக்கூடிய கணக்கு, கையேட்டில் இருந்திருக்க வேண்டியது. கடல்களின் மொத்த நிறை பூமியின் நிறையில் நாலாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நீலக்கோள் என்று பெயர் வாங்கினாலும் உண்மையில் நம்முடையது உலர்ந்த கோள்தான். மர்ச்சிசன் போல 10 சதவீத நீருள்ள கற்களால் மட்டும் கடலை நிரப்ப, கடலின் நிறையைப் போல் பத்து மடங்கு கல் வேண்டும். அது நிலாவின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு. இன்று செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள்கள் எல்லாவற்றையும் கூட்டினாலே நிலாவில் 3 சதவீதம்தான் தேறும். அதனால் முடியவே முடியாது என்று ஆகிவிடாது. வியாழன் வளர்ந்து இடம் மாறிய காலத்தில் அங்கே இன்னும் எவ்வளவோ பொருள் இருந்தது, அதில் ஒரு பகுதி உள்ளே தள்ளப்பட்டிருக்கலாம் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. ஆனால் அது பூமி உருவாகிக்கொண்டிருந்தபோதே நடந்த கதை, பின்னால் வந்து தெளித்துவிட்டுப் போன கதை இல்லை.

இப்போது மூன்றாவது கல். என்னை இந்த விமர்சனம் எழுத வைத்ததே இதுதான். பெட்டியில் இருப்பது அல் ஹகூனியா 001, 2006-ல் மேற்கு சஹாராப் பகுதியில் கிடைத்த என்ஸ்டடைட் கான்ட்ரைட், அதாவது என்ஸ்டடைட் என்ற மக்னீசியக் கனிமம் மிகுந்த கான்ட்ரைட். பழுப்பேறிய சாம்பல் நிறத் தகடு, முதல் கல்லின் அழகு இதில் இல்லை, காந்தமும் அரைகுறையாகத்தான் பிடிக்கிறது. கையேட்டில் இதற்குக் கிடைத்த இடம் ஒரே ஒரு வரி: பூமியைப் போன்ற வறண்ட பொருள். அவ்வளவுதான்.

என்ஸ்டடைட் கான்ட்ரைட்டுகள் சூரியனுக்கு அருகில் உருவானவை. ஆக்சிஜன், டைட்டானியம், குரோமியம் என்று பல தனிமங்களின் ஐசோடோப்புகளில் பூமியோடு மிக நெருங்கிப் பொருந்தும் கற்கள் இவைதான். இவற்றில் களிமண் இல்லை, நீர்க் கனிமம் இல்லை, அதனால் வறண்டவை என்றே நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2020-ல் பிரான்சின் நான்சி நகரிலுள்ள ஆய்வகத்தில் லோரெட் பியானி குழு இந்த வகையில் 13 கற்களை எடுத்து ஹைட்ரஜனை அளந்தது. பூமி முழுவதும் இப்படிப்பட்ட பொருளால் ஆனது என்று வைத்துக்கொண்டால், அதில் உள்ள ஹைட்ரஜன் மட்டுமே இன்றைய கடல்களைப் போல் குறைந்தது மூன்று மடங்கு நீருக்குப் போதும் என்று வந்தது. அதைவிட முக்கியம் டியூட்டீரிய விகிதம்: கடல் நீரைவிடக் கொஞ்சம் குறைவாக, பூமியின் மேன்டிலில், அதாவது மேலோட்டுக்குக் கீழே உள்ள தடித்த பாறை அடுக்கில், உள்ள நீரோடு நன்றாகப் பொருந்தியது.

அதாவது, கையேடு இரண்டாவது கல்லுக்காக வாதாடும் அதே வாதத்தை, ஒரு சொல்லும் மாற்றாமல், பக்கத்தில் கிடக்கும் மூன்றாவது கல்லுக்காகவும் வாதாடலாம். விகிதம் இதிலும் ஒத்துப்போகிறது. மூன்று கற்களையும் தேர்ந்தெடுத்து ஒரே பெட்டியில் வைத்தவருக்கு, தன் முடிவை அசைக்கும் சாட்சியும் அதே பெட்டியில் இருக்கிறது என்று தெரியாமல் போனது வருத்தமாக இருக்கிறது. தெரிந்து எழுதியிருந்தால் இந்தக் கையேடு எவ்வளவு நன்றாக வந்திருக்கும்!

முதல் ‘ஆகவே’யும் இங்கேதான் உடைகிறது. சூடான பகுதியில் பனி உறையாது என்பது உண்மை. ஆனால் ஹைட்ரஜன் வந்து சேரப் பனியாகத்தான் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. கந்தகத்தோடு சேர்ந்தும், கார்பன் பொருட்களோடு சேர்ந்தும், கண்ணாடித்தன்மையுள்ள துகள்களுக்குள் கரைந்தும் அது பாறைக்குள் தங்கலாம். அந்தப் பாறை உருகி ஆக்சிஜனோடு சேரும்போது நீர் பிறக்கும். பனி இல்லை என்பதும் நீருக்கு வழியே இல்லை என்பதும் ஒன்றல்ல.

இதற்கு எதிராக நியாயமான ஒரு கேள்வி வரும்: அந்தக் கற்களில் அளந்த ஹைட்ரஜன் பூமிக்கு வந்த பிறகு மழையிலும் காற்றிலும் ஏறியதாக இருந்தால்? இந்தச் சந்தேகம் இருந்துகொண்டேதான் இருந்தது. 2025-ல் ஆக்ஸ்போர்டு குழு அன்டார்டிகாவில் கிடைத்த எல்ஏஆர் 12252 என்ற என்ஸ்டடைட் கல்லை, இங்கிலாந்தின் டயமண்ட் சின்க்ரோட்ரான் என்ற, மிகச் செறிவான எக்ஸ்கதிரை உண்டாக்கும் பெரிய இயந்திரத்தில் ஆராய்ந்தது. கந்தகத்தோடு பிணைந்த ஹைட்ரஜன் கல்லின் நுண்மணிப் பின்னணியில் நிறைய இருந்தது, விரிசல் விட்டுத் துருப்பிடித்த இடங்களில் மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. பூமியின் ஈரம் ஏற்றியது என்றால் துருவில்தான் அதிகம் இருக்க வேண்டும், இங்கே நேர்மாறாக இருக்கிறது. கேள்வியை எங்கே கேட்டால் பதில் வரும் என்று தெரிந்து கேட்டிருக்கிறார்கள். நான் இந்த விஷயத்தில் படித்தவற்றில் மனசுக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

அப்படியானால் பெட்டியில் இருக்கும் மூன்றாவது துண்டு? அல் ஹகூனியா பல்லாயிரம் ஆண்டு பாலைவனத்தில் கிடந்து வெளுத்த கல். அதன் இரும்பில் பெரும்பகுதி துருவாகிவிட்டது, காந்தம் தயங்குவதும் அதனால்தான். இந்தத் துண்டில் ஹைட்ரஜனை அளந்தால் சஹாராவின் ஈரமும் சேர்ந்தே அளக்கப்படும். வகையைக் காட்ட இது போதும், சாட்சி சொல்ல வைக்க இது தகாது. இந்த ஒரு விஷயத்தைக் கையேட்டில் எழுதியிருந்தால் பிள்ளைகளுக்குக் காந்தத்தை வைத்தே ஒரு நல்ல பாடம் கிடைத்திருக்கும். முதல் கல்லிலும் மூன்றாவது கல்லிலும் மாறி மாறி வைத்துப் பாருங்கள், அறிவியலாளர்கள் ஏன் விழுந்ததும் கையில் எடுக்கப்பட்ட கல்லையும் அன்டார்டிகப் பனியில் புதைந்திருந்த கல்லையும் தேடி அலைகிறார்கள் என்பது தானாகவே விளங்கும்.

மூன்றாவது கல்தான் வென்றது என்று நான் சொல்ல வரவில்லை. பூமியில் மக்னீசியமும் சிலிக்கனும் இருக்கும் விகிதம் என்ஸ்டடைட் கற்களில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை, அதனால் பூமி அப்படியே இந்தக் கற்களால் கட்டப்பட்டது என்று சொல்ல முடியாது. கார்பன் கற்களுக்கும் நல்ல வலுவான சாட்சிகள் உண்டு. நம் காற்றிலுள்ள நைட்ரஜனின் ஐசோடோப் விகிதம் அவற்றோடு நெருங்குகிறது. துத்தநாகமும் நீரைப் போலச் சூட்டில் எளிதில் ஆவியாகும் தனிமம், பூமியின் துத்தநாகத்தில் கணிசமான பங்கு சூரிய மண்டலத்தின் வெளிப்பகுதியிலிருந்து வந்தது என்று அண்மை வருடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் காட்டியிருக்கின்றன. துத்தநாகம் வந்தால் கூடவே நீரும் வந்திருக்கும். 2021 பிப்ரவரி 28 அன்று இங்கிலாந்தில் விஞ்ச்கோம்ப் ஊரில் ஒரு வீட்டு வாசலில் விழுந்து, சில மணி நேரத்தில் எடுத்துப் பத்திரப்படுத்தப்பட்ட கார்பன் கல்லில் சுமார் 11 சதவீத நீர், அதன் டியூட்டீரியம் கடலுக்கு வெகு அருகில். ஜப்பானின் ஹயபுசா 2 விண்கலம் 2020-ல் ரியூகு சிறுகோளிலிருந்து 5 கிராமும், நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் 2023-ல் பென்னு சிறுகோளிலிருந்து 121 கிராமும் கொண்டுவந்த பொருள் இந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தம், பூமியின் ஈரம் படாமல் கிடைத்தது. இவ்வளவு நல்ல சாட்சிகள் இருக்கும்போது கையேடு டியூட்டீரியப் பொருத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொரு தரப்பையும் அது அடியோடு விட்டுவிட்டது. 2015-ல் கனடாவின் பாஃபின் தீவு எரிமலைப் பாறைகளில், மேன்டிலின் ஆழத்திலிருந்து வந்த நீரில் டியூட்டீரியம் கடலைவிட நன்றாகவே குறைவாக இருப்பதை அளந்தார்கள். கோள்கள் பிறந்த மூல வாயுவின் ஹைட்ரஜனே ஓரளவு பூமிக்குள் மாட்டிக்கொண்டது என்று அதை வாசிக்கலாம். கடல் நீரின் 156 என்ற எண்ணே தொடக்கத்திலிருந்து அப்படியே இருந்தது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. லேசான ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிப் போகும்போது கனமானது பின்தங்கும், விகிதம் மெல்ல ஏறும். வெள்ளியில் அது பூமியைப் போல் நூறு மடங்குக்கும் மேலே ஏறிக் கிடக்கிறது. இன்றைய கடலை எடுத்து 450 கோடி ஆண்டு பழைய கல்லோடு நேரடியாக ஒப்பிட்டு ‘ஒத்துப்போகிறது’ என்பதில் எவ்வளவு அனுமானம் புதைந்திருக்கிறது பாருங்கள்.

நீர் பல வழிகளில் வந்தது, பெரும்பகுதி பூமி கட்டப்பட்ட பொருளோடே வந்தது, கார்பன் கற்கள் கொஞ்சமோ கணிசமாகவோ சேர்த்தன, வால்மீன்கள் மிகச் சொற்பம் என்பதுதான் இப்போதைக்கு என் வாசிப்பு. பங்கு எவ்வளவு என்பதில்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் உண்மையான சண்டை. இந்தச் சண்டை நடப்பதே தெரியாத மாதிரி ஒரு கையேடு எழுதுவது, அதுவும் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று போட்டு விற்பது, எனக்குப் பிடிக்கவில்லை. முடிவு தெரியாத கேள்வி என்று சொன்னால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அப்படிச் சொன்னால்தான் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

விலை பற்றி: அஞ்சல் செலவும் சுங்கமும் சேர்த்தால் கை கடிக்கும். தனித்தனியாக வாங்கினால் முதல் கல்லும் மூன்றாவது கல்லும் மலிவாகவே கிடைக்கும், மர்ச்சிசன் துணுக்குதான் விலையைத் தூக்குகிறது. காசு முக்கியம் என்றால் முதல் கல்லை மட்டும் வாங்கி நல்ல பத்து மடங்கு பூதக்கண்ணாடி ஒன்றில் மிச்சக் காசைப் போடுங்கள், பெட்டியோடு வரும் கண்ணாடி ஓரங்களில் மங்கல். கொல்கத்தா பக்கம் போகிறவர்கள் இந்திய அருங்காட்சியகத்தில் விண்கற்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், காசு கொடுத்து வாங்குவதைவிடப் பெரிய துண்டுகளைப் பார்க்கலாம். பள்ளிக்கோ அறிவியல் மன்றத்துக்கோ வாங்குவதானால் பெட்டி நல்ல முதலீடு, ஆனால் கையேட்டின் கடைசி இரண்டு பக்கங்களுக்குப் பதிலாக ஆசிரியரே ஒரு தாள் எழுதி உள்ளே வைப்பது நல்லது.

கடைக்காரருக்கு இதையெல்லாம் எழுதிக் கேட்டேன். பதில் மரியாதையாகவும் சீக்கிரமாகவும் வந்தது, அதற்குத் தனியாக ஒரு பாராட்டு. விழுந்ததும் எடுத்த என்ஸ்டடைட் கல்லை வைத்தால் பெட்டியின் விலை பல மடங்காகிவிடும், அதனால் அல் ஹகூனியாவை மாற்ற முடியாது என்றார். நியாயம்தான். சிலிக்கா ஜெல் இனிமேல் போடுவதாகச் சொன்னார். கையேட்டைப் பற்றி, அடுத்த அச்சில் பார்க்கலாம் என்றார். அடுத்த அச்சு வரும்வரை, மூன்றாவது கல்லின் சீட்டில் ‘இதன் டியூட்டீரிய விகிதமும் கடலுக்கு அருகில்தான்’ என்ற ஒரு வரியையாவது அச்சடித்து ஒட்டி அனுப்புங்கள் என்று திரும்ப எழுதியிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை, வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.